இருபத்தெட்டுப் பேர் திருத்திய ஒரு விடைத்தாள்

போன மாதம் சித்தப்பா பொண்ணு போன் பண்ணினாள். அஞ்சல் வழியில் எம்.ஏ. சமூகவியல் படிக்கிறாள். கோவில்பட்டிப் பக்கம் ஒரு தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளர் வேலை. எல்லாப் பேப்பரும் முடிந்து ஒன்றே ஒன்று பாக்கி, இந்தியச் சமூகம் பற்றிய தாள். மூன்று தடவை எழுதிவிட்டாள். 38, 41, 44. தேறுவதற்கு 50 வேண்டும். பதிவுக் காலம் முடிகிறதால் இந்தத் தடவை விட்டால் அவ்வளவுதான், எழுதின மற்ற பேப்பரெல்லாம் வீண். எம்.ஏ. இருந்தால்தான் ஒருங்கிணைப்பாளர் பதவி என்று ஆபீஸில் சொல்லியிருக்கிறார்கள்.

"பன்னிரண்டு பக்கம் எழுதினேன் அண்ணா. அடிஷனல் ஷீட் வேற வாங்கினேன். ஒரு பாயிண்ட் விடல. அப்படியும் 44 போடுறாங்கன்னா தப்பு எங்க இருக்கு?"

எனக்குச் சட்டென்று பதில் சொல்லத் தெரியவில்லை. யோசித்துப் பார்த்தால், பள்ளியில் ஆரம்பித்து எத்தனை கட்டுரை எழுதியிருப்போம்? "கட்டுரை வரைக" என்று கேட்பார்கள். எப்படி வரைய வேண்டும் என்று யாராவது உட்கார வைத்துச் சொன்னார்களா? எனக்குச் சொல்லவில்லை. முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று மூன்று தலைப்புப் போட்டு அடிக்கோடு இடச் சொன்னார்கள். ஸ்கெட்ச் பேனா இருந்தால் நல்லது என்றார்கள்.

எழுதிப் பார்த்த விடைகளைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். அது வருவதற்குள் வழக்கமான என் வேலையை ஆரம்பித்துவிட்டேன். ஒரு மனுஷனுக்கு என்ன தெரியும் என்பதை மூன்று மணி நேரக் கட்டுரையால் அளக்கலாம் என்று முதலில் யாருக்குத் தோன்றியது? தேடியதில் கிடைத்த குறிப்புகள்தான் கீழே. அவளுக்குப் பயன்பட்டது பாதி, எனக்கே சுவாரசியமாக இருந்தது பாதி.

வழக்கம்போல் சீனாவில் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. அரசுப் பணிக்கு எழுத்துத் தேர்வு வைக்கும் முறை அங்கே 605 வாக்கில் சுய் வம்சத்தில் தொடங்கியதாகச் சொல்வது மரபு. ஒழிந்தது 1905இல். நடுவில் 1300 வருஷம். இதில் என்னை நிறுத்திய விஷயம் சோங் வம்சக் காலத்து ஏற்பாடு. விடைத்தாளில் பெயரை மறைத்து ஒட்டிவிடுவார்கள். இன்றைக்கு நம்ம 'டம்மி நம்பர்' மாதிரி. அது போதாது, கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று, ஒவ்வொரு விடைத்தாளையும் எழுத்தர்களை உட்கார வைத்து மறுபடி நகல் எழுதச் சொன்னார்கள். திருத்துகிறவர் கைக்குப் போவது அந்த நகல்தான். யோசிச்சுப் பாருங்க, ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது: ஆபத்து எழுதுகிறவனிடம் மட்டும் இல்லை, திருத்துகிறவனிடமும் இருக்கிறது.

மிங் காலத்தில் 15ஆம் நூற்றாண்டில் கட்டுரைக்கு எட்டுப் பகுதி என்று ஒரு வடிவம் கெட்டிப்பட்டது. 'எட்டுக்கால் கட்டுரை' என்று பெயர். எதிர்வரி, இணைவரி என்று கணக்கு வைத்து எழுத வேண்டும். கடைசிக் காலத்துச் சீர்திருத்தக்காரர்கள் நாடு உருப்படாமல் போனதே இதனால்தான் என்று திட்டித் தீர்த்தார்கள். திட்டு நியாயம்தான். ஆனால் அதன் முதல் பகுதிக்குப் பெயர் 'தலைப்பை உடைத்தல்'. கொடுத்த தலைப்பு என்ன கேட்கிறது என்பதை இரண்டே வாக்கியத்தில் உடைத்துக் காட்டிவிட்டுத்தான் அடுத்த அடி எடுத்து வைக்க வேண்டும். தேங்காயை உடைக்காமல் துருவ முடியாது என்கிற மாதிரி. இதை நோட்டில் தனியாகக் குறித்து வைத்துக்கொண்டேன்.

நான்ஜிங் நகரத்துத் தேர்வுக்கூடத்தில் இருபதாயிரத்துக்கும் மேல் சின்னச் சின்னச் செங்கல் அறைகள் இருந்தன. ஒரு அறைக்கு இரண்டு பலகை. ஒன்று இருக்கை, ஒன்று மேசை. ராத்திரி இரண்டையும் சேர்த்துப் போட்டால் படுக்கை. இந்த மாதிரித் தேர்வுகளில் திரும்பத் திரும்பத் தோற்றவர்களில் ஒருவர் ஹோங் சியூசுவான். தோல்விக்குப் பிறகு நோயில் விழுந்தார், காட்சிகள் கண்டார், பின்னால் தைப்பிங் கிளர்ச்சிக்குத் தலைவரானார். 1864 வரை நீண்ட அந்தப் போரில் செத்தவர்கள் இரண்டு கோடிக்குக் குறையாது என்பது பொதுவான மதிப்பீடு. தோல்விதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது, காரணங்கள் வேறு நிறைய. இருந்தாலும் தங்கச்சியிடம் இந்தக் கதையைச் சொன்னபோது "எனக்கு அவ்வளவு கோவம் இல்லண்ணா" என்று சிரித்தாள். அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள்.

அடுத்து லண்டன். கிழக்கிந்தியக் கம்பெனியின் உயர் பதவிகளுக்கு அதுவரை இயக்குநர்கள் தங்களுக்கு வேண்டியவர்களின் பிள்ளைகளை நியமித்துக்கொண்டிருந்தார்கள். 1853ஆம் வருஷத்துச் சட்டம் அதை நிறுத்திப் போட்டித் தேர்வு வைக்கச் சொன்னது. 1854இல் மெக்காலே தலைமையிலான குழு பாடத்தையும் மதிப்பெண்ணையும் வகுத்துக் கொடுத்தது, 1855இல் முதல் தேர்வு. அந்த மதிப்பெண் பட்டியலைப் பாருங்க. மொத்தம் 6875. கிரேக்கத்துக்கு 750, லத்தீனுக்கு 750, கணிதத்துக்கு 1000. ஆங்கிலத்துக்கு வரலாறு, இலக்கியம், கட்டுரை எல்லாம் சேர்த்து 1500. இந்தியாவை ஆளப் போகிறவனுக்குச் சமஸ்கிருதம் 375, அரபி 375. தமிழுக்கு ஒன்றுமில்லை. கட்டுரை எழுதத் தெரிந்தவன் நாட்டை ஆளத் தெரிந்தவன் என்கிற எண்ணம் நம் தலையில் ஏறியது இந்த வழியாகத்தான் என்று நினைக்கிறேன். இன்றைக்கும் யூ.பி.எஸ்.சி. முதன்மைத் தேர்வில் கட்டுரைக்கென்றே 250 மதிப்பெண்ணுக்குத் தனித்தாள் இருக்கிறது.

மேலோட்டமாக எல்லாம் தெரிந்தவனுக்கு மார்க் போகக் கூடாது என்பதில் மெக்காலே குழு கவனமாகத்தான் இருந்தது. ஆனால் தேர்வு என்று ஒன்று வந்தால் அதற்குப் பயிற்சி கொடுக்க ஒரு ஆள் வராமல் இருப்பாரா? லண்டனில் வால்டர் ரென் என்பவர் நடத்திய பயிற்சிக்கூடம் அந்தக் காலத்தில் பிரபலம். சென்னை அண்ணா நகர்த் தெருக்களில் தொங்குகிற கோச்சிங் பேனர்களுக்கு அவரைத் தாத்தா என்று சொல்லலாம். இந்தியர்களில் முதலில் தேறியவர் சத்யேந்திரநாத் தாகூர், 1863இல். கப்பலேறி லண்டன் போய் எழுத வேண்டும். வயது வரம்பை 1878 முதல் 19 ஆகக் குறைத்தார்கள். இங்கிருந்து போகிறவனுக்குக் கிட்டத்தட்டக் கதவை அடைத்த மாதிரி. தேர்வை இந்தியாவிலும் நடத்தினது 1922இல்தான்.

சரி, இனிமேல்தான் எனக்குத் தூக்கம் போன பகுதி.

எட்ஜ்வொர்த் என்று ஒரு பொருளியல் அறிஞர். அயர்லாந்துக்காரர், புள்ளியியலில் பெரிய கை. 1888இல் 'தேர்வுகளின் புள்ளிவிவரம்' என்று ஒரு கட்டுரை எழுதினார். அதற்காக அவர் செய்த வேலை ரொம்ப எளிது. லத்தீன் உரைநடையில் ஒரு விடையை எடுத்து, அனுபவமுள்ள 28 தேர்வாளர்களிடம் கொடுத்து, இந்திய சிவில் சர்வீஸ் தேர்வில் வந்த விடையாக நினைத்து நூற்றுக்கு மார்க் போடச் சொன்னார். ஒரே விடை. 28 பேர். ஒருவர் 45 போட்டார். இன்னொருவர் 59. பெரும்பாலானவர்கள் எழுபதிலும் எண்பதிலும் இருந்தார்கள். இரண்டு பேர் 100 போட்டிருந்தார்கள்.

45க்கும் 100க்கும் நடுவில் எழுதியவனின் வாழ்க்கை. எட்ஜ்வொர்த் இதை எதிர்ப்பாக எழுதவில்லை. தராசில் எடை போட்டால் கொஞ்சம் முன்னே பின்னே வரும் இல்லையா, அது மாதிரி தேர்வாளருக்கும் பிழை உண்டு, அந்தப் பிழை எவ்வளவு என்று கணக்குப் போடலாம் என்றார். கோட்டுக்குக் கொஞ்சம் மேலே இருப்பவர்களும் கொஞ்சம் கீழே இருப்பவர்களும் வேறு ஆள் திருத்தியிருந்தால் இடம் மாறியிருக்கலாம் என்பது அவர் கணக்கு.

1912–13இல் அமெரிக்காவில் ஸ்டார்ச், எலியட் என்ற இருவர் இதே மாதிரி செய்தார்கள். கட்டுரை என்பதால்தான் இந்தக் குழப்பம், கணக்கில் வராது என்று சிலர் சொல்ல, ஒரு வடிவியல் விடைத்தாளையும் பள்ளி பள்ளியாக அனுப்பினார்கள். வந்த மார்க் 28 முதல் 92 வரை.

எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்தது 1935ஆம் வருஷத்து ஆய்வு. செய்தவர்கள் ஹார்டாக், ரோட்ஸ். இந்த பிலிப் ஹார்டாக் நமக்கு அந்நியர் இல்லை. டாக்கா பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர். இந்தியக் கல்வி நிலை பற்றி 1929இல் அறிக்கை கொடுத்த ஹார்டாக் குழுவும் இவர் தலைமைதான். இங்கிலாந்துக்குத் திரும்பிய பிறகு 'தேர்வுகளைத் தேர்வு செய்தல்' என்கிற பொருளில் ஒரு புத்தகம் போட்டார். அதில் பள்ளி இறுதித் தேர்வின் 15 வரலாற்று விடைத்தாள்கள் வருகின்றன. பதினைந்துக்கும் ஏற்கெனவே ஒரே நடுத்தர மார்க் விழுந்திருந்தது. அவற்றை 15 தேர்வாளர்கள் திருத்தினார்கள். 12 முதல் 19 மாதம் கழித்து, பழைய மார்க்கைக் காட்டாமல், அதே தாள்களை அதே ஆட்களிடம் மறுபடி கொடுத்தார்கள். ஒருவர் விட்டுப்போக, 14 பேர் திருத்தினார்கள். மொத்தம் 210 தீர்ப்பு. தோல்வி, தேர்ச்சி, சிறப்பு என்ற தீர்ப்பை 92 இடத்தில் அவர்களே மாற்றிப் போட்டிருந்தார்கள். எட்ஜ்வொர்த் காட்டியது ஆளுக்கு ஆள் வித்தியாசம். ஹார்டாக் காட்டியது ஒரே ஆள் போன வருஷம் ஒரு மாதிரியும் இந்த வருஷம் வேறு மாதிரியும் இருக்கிறார் என்பது.

ராத்திரி பதினொரு மணிக்கு இதைத் தங்கச்சிக்குச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்று அப்புறம் தோன்றியது. "அப்ப என் 44 ஒரு 55ஆகவும் இருந்திருக்கலாம்" என்றாள். இருந்திருக்கலாம். "38ஆகவும் இருந்திருக்கலாம்" என்று அவளே சேர்த்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள், "இதை வச்சு நான் என்ன பண்றது?"

நல்ல கேள்வி. தராசு ஆடுகிறது என்று தெரிந்தால் செய்யக்கூடியது ஒன்றுதான், கோட்டுக்கு ரொம்பப் பக்கத்தில் நிற்காமல் இருப்பது. அதற்கு விடைத்தாளைப் பார்க்க வேண்டும்.

பார்ப்பதற்கு முன்னால் இன்னொரு சுற்று. அவள் படிப்பது சமூகவியல். அந்தத் துறையை உருவாக்கினவர்களே தேர்வில் என்ன பாடு பட்டார்கள் என்று பார்த்தேன். எமில் துர்க்கைம் பாரிஸ் எக்கோல் நார்மால் நுழைவுத் தேர்வில் இரண்டு தடவை தவறி, மூன்றாவது தடவை 1879இல்தான் உள்ளே போனார். 1882இல் தத்துவ ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறினார், தேறியவர்களில் கடைசிக்கு முந்தைய இடம். 1897இல் 'தற்கொலை' எழுதினவர் இவர்தான். தங்கச்சியின் நோட்ஸில் துர்க்கைம் பற்றி ஒன்பது பக்கம் இருக்கிறது. இது ஒரு வரி கூட இல்லை.

இன்னொருவர் பியர் பூர்தியூ. பிரான்சின் தென்மேற்கில் ஒரு கிராமத்துத் தபால் ஊழியரின் மகன். அதே எக்கோல் நார்மாலில் படித்து மேலே வந்தவர். அவர் தேர்வுக் கட்டுரையையே ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொண்டார். பாரிஸில் ஒரு தத்துவ ஆசிரியர் தன் மாணவிகளைப் பற்றி நாலு வருஷமாக எழுதி வைத்த 154 அட்டைகள் கிடைத்தன. மார்க், கட்டுரை மேல் எழுதிய குறிப்பு, பெற்றோரின் தொழில் எல்லாம் அதில் இருந்தது. தன்னோடு வேலை செய்த மோனிக் த சாந்த்மார்த்தானுடன் சேர்ந்து 1975இல் அதை அலசி வெளியிட்டார். கிட்டத்தட்ட ஒரே மார்க் வாங்கிய இருவரில், எளிய குடும்பத்துப் பெண்ணின் தாளில் 'தட்டையாக இருக்கிறது', 'பாடுபட்டு எழுதியது', 'பள்ளிக்கூடத்தனம்' என்ற மாதிரிச் சொற்கள் விழுகின்றன. பாரிஸ் மேல்தட்டுக் குடும்பத்துப் பெண்ணுக்கு 'நேர்த்தி', 'நுட்பம்' என்ற பக்கத்துச் சொற்கள். ஆசிரியர் கெட்டவர் இல்லை. மொழிநடையைத்தான் மதிப்பிடுகிறோம் என்று அவர் நம்பினார். அந்த நடை யார் வீட்டில் சாப்பாட்டு மேசையிலேயே கிடைக்கிறது என்பதுதான் பூர்தியூவின் கேள்வி.

இது தேர்வைக் கரித்துக்கொட்டுவதற்காக இல்லை. திருத்துகிறவர் எதிர்பார்க்கிற ஒரு நடை இருக்கிறது, அது சிலருக்கு வீட்டிலேயே கிடைத்துவிடுகிறது, சிலருக்கு யாராவது சொல்லிக் கொடுத்தால்தான் தெரியும். சொல்லிக் கொடுக்காமல் விட்டுவிட்டு 'பள்ளிக்கூடத்தனம்' என்று குறை சொல்வதுதான் அநியாயம். எங்கள் வீட்டில் சித்தப்பா எட்டாவது. சித்தி அஞ்சாவது.

போட்டோக்கள் வந்தன. கேள்வி: "சமஸ்கிருதமயமாதல் கோட்பாட்டைத் திறனாய்வு செய்க." அவள் விடை எம்.என். சீனிவாஸ் மைசூரில் பிறந்ததில் தொடங்குகிறது. பம்பாயில் குர்யேயிடம் படித்தார். ஆக்ஸ்ஃபோர்டு போனார். கூர்க் மக்களைப் பற்றிய நூல் 1952இல் வந்தது. ராம்புரா கிராமம். ஆதிக்கச் சாதி என்ற கருத்து. மேற்கத்தியமயமாதல். எல்லாம் சரி, ஒரு தப்பு கிடையாது. ஏழாவது பக்கத்தின் கடைசியில், இடம் முடிகிற நேரத்தில், "இக்கோட்பாட்டைப் பலர் விமர்சித்துள்ளனர்" என்று ஒரே வரி. முற்றுப்புள்ளி.

கேட்டது திறனாய்வு. எழுதியது சீனிவாஸ் பற்றித் தெரிந்ததெல்லாம். தலைப்பை உடைக்காமலே துருவ ஆரம்பித்துவிட்டாள்.

இது அவள் ஒருத்தியின் குற்றம் இல்லை. நாம் எல்லோருமே தெரியும் என்று காட்டத்தான் பழகியிருக்கிறோம். கோனார் நோட்ஸ் காலத்திலிருந்து, விட்டுப்போகாமல் எழுதுவதுதான் முழு மார்க். ஆனால் 'விவரி' என்பது வேறு, 'விளக்கு' வேறு, 'திறனாய்வு செய்க' வேறு. விவரி என்றால் என்ன இருக்கிறது என்று சொன்னால் போதும். விளக்கு என்றால் ஏன், எப்படி என்று சொல்ல வேண்டும். திறனாய்வு என்றால் இது எங்கே நிற்கிறது, எங்கே சறுக்குகிறது, ஏன் அப்படிச் சொல்கிறாய் என்று ஒரு தீர்ப்பு வேண்டும். தீர்ப்பை முதல் பத்தியிலேயே இரண்டு வாக்கியத்தில் வைத்துவிடு, மீதி எல்லாம் அதற்குச் சாட்சி என்று சொன்னேன். ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியத்தையும் தனியாக எடுத்துப் படித்தால் வாதம் புரிய வேண்டும். "சீனிவாஸ் 1916இல் பிறந்தார்" என்று தொடங்கும் பத்தி எதற்கும் சாட்சி ஆகாது, அதைத் தூக்கு.

"பொறந்த வருஷம் மனப்பாடம் பண்ண ரெண்டு நாள் ஆச்சு அண்ணா."

"போனா போகட்டும்."

அவள் உண்மையில் தடுமாறியது உதாரணத்தில். பாடப்புத்தகத்தில் கூர்க் இருக்கிறது, அதனால் கூர்க்கையே எழுதுகிறாள். ஆனால் அவள் வேலை பார்க்கிற வட்டாரத்தைச் சுற்றித்தான் இந்தக் கோட்பாட்டின் மிக நல்ல சோதனைகளில் ஒன்று நடந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நாடார் சமூகத்தினர் பூணூல், சத்திரியர் என்ற உரிமை என்று சீனிவாஸ் சொல்கிற வழியிலேயே ஒரு கட்டத்தில் போனார்கள். 1897இல் கமுதிக் கோயிலுக்குள் நுழைந்தார்கள், வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1908இல் தோற்றது. 1899இல் சிவகாசிக் கலவரம். ஆக, நடை உடையை மாற்றினால் மேலே ஏற விட்டார்களா என்றால், இல்லை. அவர்களை உயர்த்தியது வணிகம், உறவின்முறை, பள்ளிக்கூடம், பிறகு அரசியல். ராபர்ட் ஹார்டுகிரேவ் 1969இல் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். சமஸ்கிருதமயமாதல் எங்கே பொருந்துகிறது, எங்கே கைவிட்டுவிடுகிறது என்று காட்ட இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

"நம்ம ஊர்ப் பக்கத்துக் கதையெல்லாம் பரீட்சையில எழுதலாமா?" என்று கேட்டாள். சமூகவியல் படிக்கிற, தினமும் பத்து கிராமம் சுற்றுகிற பெண் கேட்கிறாள். எனக்குக் கொஞ்சம் கோபம் கூட வந்தது, அவள் மேல் இல்லை.

திருப்பிப் படிக்கிற முறையையும் மாற்ற வேண்டியிருந்தது. அவள் முறை, நோட்ஸை ஆறு தடவை வாசிப்பது, மஞ்சள் மார்க்கரால் கோடு போடுவது. கடைசியில் பக்கம் முழுக்க மஞ்சள். 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் மாணவர்களை இரண்டு விதமாகப் படிக்க வைத்தார்கள். ஒரு கூட்டம் திரும்பத் திரும்ப வாசித்தது. இன்னொன்று ஒரு தடவை வாசித்துவிட்டு, மூடி வைத்து, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. அஞ்சு நிமிஷத்தில் சோதித்தால் வாசித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தால் எழுதிப் பார்த்தவர்கள் நன்றாக முந்தினார்கள். வேடிக்கை என்னவென்றால், எல்லாம் நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியது வாசித்த கூட்டம்தான்.

சீனிவாஸ் கதையே இதற்குச் சாட்சி. ராம்புரா கிராமத்தில் 1948இல் எடுத்த குறிப்புகளைப் பல வருஷம் ஒழுங்குபடுத்தி வைத்திருந்தார். 1970 ஏப்ரல் 24 அன்று அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் அவர் அறைக்குத் தீ வைக்கப்பட்டது. ஒழுங்குபடுத்திய குறிப்புகளின் மூன்று பிரதியும் அங்கேயே இருந்தன, எரிந்துபோயின. அப்புறம் நினைவிலிருந்தே எழுதினார். 1976இல் 'நினைவில் நின்ற கிராமம்' என்று அதற்குப் பெயர். நோட்ஸ் எரிந்த பிறகு வந்த புத்தகம்தான் அவர் எழுதியதில் எல்லோரும் விரும்பிப் படிப்பது. (இதைச் சொன்னதும் தங்கச்சி, "மார்க்கர் போட்டிருக்க மாட்டார்" என்றாள்.)

நன்னூலும் இதைத்தான் சொல்கிறது என்று எனக்கு ஒரு நண்பர் ஞாபகப்படுத்தினார். 13ஆம் நூற்றாண்டு வாக்கில் பவணந்தி முனிவர் எழுதிய பாயிரத்தில் ஒரு கணக்கு வருகிறது. ஆசிரியர் சொன்னதை நன்றாகக் கேட்டாலும் கல்வியில் கால் பங்குதான். கூடப் படிக்கிறவர்களோடு பழகுவதில் ஒரு கால். மீதி அரைப்பங்கு, தானே பிறருக்கு எடுத்துச் சொல்வதில்தான். இலக்கண நூல் என்று ஒதுக்கி வைத்துவிட்டோம்.

தங்கச்சிக்குக் கூடப் படிக்கிறவர்கள் யாரும் இல்லை, அஞ்சல் வழி. அதனால் ராத்திரி வேலை முடிந்து வந்து, சித்தி சமையலறையில் இருக்கும்போது ஒரு தலைப்பை எடுத்து நோட்டு இல்லாமல் சொல்வது என்று ஏற்பாடு. முதல் நாள் சித்தி, "புரியுது, புரியுது, போய்ப் படு" என்றாராம். நாலாவது நாள் சமஸ்கிருதமயமாதல். கீழே இருக்கிற சாதி மேலே இருக்கிற சாதியின் பழக்கத்தை எடுத்துக்கிட்டு மேலே போகப் பார்ப்பது என்று சொல்லியிருக்கிறாள். சித்தி வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டிருக்கிறார்.

"எங்க மாமியார் இருந்த வரைக்கும் குலசாமிக்குக் கெடா வெட்டுவோம். உங்க பெரியப்பா கவர்ன்மென்ட் வேலைக்குப் போனதும் அசிங்கம்னு நிறுத்தி, சர்க்கரைப் பொங்கல் மட்டும்னு ஆக்கினாரு. இதைத்தான் அவரு எழுதி வச்சிருக்காரா?"

"ஆமாம்மா, இதேதான்."

"அதுக்காக எவன் நம்மள மேல வச்சுப் பார்த்தான்? அந்தத் தெருக்காரங்க இன்னைக்கும் அதே மாதிரிதானே பேசுறாங்க. கெடாக்கறியும் போச்சு."

தங்கச்சி எனக்குப் போன் பண்ணி இதைச் சொன்னபோது நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். உங்க பெரியப்பா என்றால் என் அப்பா. அந்தப் பொங்கலை நானும் சாப்பிட்டிருக்கிறேன், ஏன் என்று கேட்டதில்லை. சமஸ்கிருதமயமாதலால் ஒரு குழுவின் இடம் நகரலாம், அமைப்பு மாறாது என்று சீனிவாஸே ஒத்துக்கொள்கிறார். இடம் கூட நகரவில்லையே என்பது சித்தியின் திறனாய்வு. கமுதி வழக்கும் கெடாக்கறியும் ஒரே பத்தியில் வரலாம்.

அதற்கப்புறம் மூன்று வாரம் தினமும் ஒரு கேள்வி, முப்பத்தைந்து நிமிஷம். அதில் முதல் அஞ்சு நிமிஷம் பேனாவைத் தாளில் வைக்கக் கூடாது, ரஃப் பக்கத்தில் தீர்ப்பும் நாலு சாட்சியும் மட்டும். முதல் வாரம் அவளுக்கு இது நரகம். கை பரபரக்கிறது, பக்கத்தில் இருப்பவன் இரண்டாம் பக்கம் போயிருப்பான் என்று பயம். இரண்டாம் வாரம் ஏழு பக்கம் நாலரைப் பக்கமாக வந்தது. நடுவில் ஒரு நாள் எழுதியது சுமாராகத்தான் இருந்தது, பழையபடி பிறந்த வருஷம் தலைகாட்டியது. அடித்துவிட்டு மறுபடி எழுதினாள்.

போன ஞாயிற்றுக்கிழமை பரீட்சை. மத்தியானம் ஒன்றரைக்கு வெளியே வந்து போன் பண்ணினாள். சமஸ்கிருதமயமாதல் நேரடியாக வரவில்லையாம். "இந்தியக் கிராமங்களில் சாதிக்கும் அதிகாரத்துக்கும் உள்ள உறவை மதிப்பிடுக" என்று வந்திருக்கிறது. ஆந்த்ரே பெத்தேய் 1965இல் தஞ்சாவூர்க் கிராமம் பற்றி எழுதியதில் தொடங்கி, நிலமும் அரசியலும் சாதியிலிருந்து எப்படிப் பிரிகின்றன என்று முதல் பத்தியிலேயே தீர்ப்பு வைத்துவிட்டாளாம்.

"சித்தி கதை?"

"எழுதினேன். களப்பணியில் ஒரு மூதாட்டி கூறியதுன்னு போட்டேன். அம்மாகிட்ட சொல்லிடாதீங்க, மூதாட்டின்னா கோவிச்சுக்கும்."

அடிஷனல் ஷீட் வாங்கவில்லையாம். ரிசல்ட் வர இரண்டு மாசம் ஆகும்.